அடைமுட்டை தரும்போது பேசியவர்கள்

முதலில் குரல்தான் கேட்டது. “வந்துட்டீகளா, காப்பி போடவா?” என்று அடுப்படி மூலையிலிருந்து, மில் ஸ்பிண்டிலில் முறுக்கேறிக்கொண்டிருக்கும் நூலைப் போல மெலிந்த ஒரு குரல், ஆனால் என் மனைவி முத்தரசியின் குரல்தான், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவருகிற அதே குரல், அதே கேள்வி. “போடு” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அப்போதுதான் எனக்குப் பின்னால், தெருக்குழாயில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முத்தரசி வாசல்படி ஏறி வந்தாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடுகள் அந்தக் கேள்விக்குத்தான் அசைந்தன. சத்தம் வரவில்லை. அடைக்கோழியின் செவலை இறக்கைக்கு அடியிலிருந்து மறுபடியும் கேட்டது: “வந்துட்டீகளா, காப்பி போடவா?”

குடம் நழுவி விழுந்து அடுப்படி வரைக்கும் தண்ணீர் ஓடியது. நான் குனிந்து கோழியின் இறக்கையைத் தூக்கினேன். அது என் கையைக் கொத்தியது. உடைந்த ஓட்டுக்கு நடுவில், ஈரம் காயாத ஒரு குஞ்சு, கண்ணைக்கூடத் திறக்காமல், என் மனைவியின் குரலில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் தெருவில் சத்தம். சத்தம் என்று சொல்வது தவறு. ஆட்கள் ஓடிவருகிற காலடிச் சத்தம் மட்டும், கூப்பாடே இல்லாமல். சொர்ணத்தக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தையல்கடை காசிநாதன் சவரம் பாதி செய்த முகத்தோடு வந்தான். மினி பஸ் கண்டக்டர் பால்ராஜ் அண்ணாச்சி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, என் தோளை உலுக்கி, வாயைக் காட்டி, கையை விரித்தார். வந்தவர்களெல்லாம் அடைக்கு முட்டை கொடுத்தவர்கள்.

எங்கள் தெரு மில் தெரு. மில் கட்டியபோது கட்டிய வரிசை வீடுகள், வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு கொல்லை, கொல்லைக்கு அப்பால் வேலிக்கருவைக் காடு, அதற்கும் மேலே மில்லின் தண்ணீர்த் தொட்டி. ஒரே கொல்லையின் முட்டைகளை அடைவைத்தால் வம்சம் சூம்பிப்போகும் என்பது இங்கே எல்லோருடைய எண்ணம். அதனால் யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் மற்ற வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள். குஞ்சு பொரித்துத் தாயை விட்டுப் பிரிந்த பிறகு, கொடுத்தவர் விரும்பினால் ஒரு குஞ்சு எடுத்துப்போகலாம். இப்படித்தான் எல்லாக் கொல்லையிலும் கோழி பெருகியது. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: அடைமுட்டை கைமாறும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் வாய் திறக்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, எல்லோரும் கடைப்பிடித்தோம்.

முத்தரசிக்குக் கொல்லை நிறையக் கோழி வேண்டும் என்று ஆசை. மகள் தமயந்தியைக் கரூரில் கட்டிக்கொடுத்த பிறகு, நான் பகலெல்லாம் தூங்குகிற வீட்டில், அவளுக்குக் கேட்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்தது, அவளும் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள், தெருவும் முட்டை கொண்டுவந்தது. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் குழாயடியில் பெரிய சண்டை. யாரோ சொர்ணத்தக்காவின் குடத்தை வரிசையிலிருந்து நகர்த்திவிட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டே முட்டையைக் கொடுத்தார்கள். “என் குடத்தை எவ நகட்டுனது?” என்று கத்தியபடியே சொர்ணத்தக்கா கொடுத்தாள். “நமக்கு எதுக்குப் பொல்லாப்பு, வச்சுக்கோங்க மதினி” என்று காசிநாதன் கொடுத்தான். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, “பிடி தங்கச்சி, வண்டி நிக்குது” என்று பால்ராஜ் அண்ணாச்சி ஓட்டமாக வந்து கொடுத்தார். முத்தரசி பேசவில்லை. வாங்கிய முட்டைகளை, இடிச் சத்தத்தில் கெடாமலிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்ட கூடையில், நான் மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சின்மேல் அடுக்கிவிட்டு, கடைசியாகத் தன் கோழியின் முட்டையைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து நான் ஷிப்ட் முடிந்து வந்து நின்றேன். பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

இப்போது, ஒவ்வொரு ஓடாக உடைய உடைய, எல்லாச் சொல்லும் வெளியே வந்துகொண்டிருந்தது. “என் குடத்தை எவ நகட்டுனது?” என்றது ஒரு கறுப்புக் குஞ்சு. சொர்ணத்தக்கா மாரில் அடித்துக்கொண்டாள், அந்தச் சத்தம்தான் அவளிடம் மிச்சமிருந்தது.

சிரித்தவர்களும் உண்டு. முட்டை கொடுக்காத வீட்டுக்காரர்கள் அன்று முழுவதும் வந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். “குழாயடி இப்பத்தான்யா குழாயடியா இருக்கு, தண்ணி விழுற சத்தம் கேக்குது” என்றான் ஒருவன். டவுனில் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, சுடுதண்ணீர் குடியுங்கள் என்றார். குறி சொல்ல வந்த கோடாங்கி உடுக்கையைக் கையில் எடுத்தவன், குஞ்சுகளின் பேச்சைக் கேட்டதும் உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். இரண்டு மூன்று நாளில் எல்லோரும் சாதாரணமாகிவிட்டோம். மில்லுக்குள் இயந்திர இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் அறுந்தது, தண்ணீர் வேண்டும், மேஸ்திரி வருகிறான், எல்லாவற்றுக்கும் கையால் ஒரு ஜாடை இருக்கிறது. அந்த ஜாடை தெரிந்த வீடுகள்தான் எல்லாமே. குரல் போனவர்கள் அதில் பேசினார்கள். குழாயடியில் சொர்ணத்தக்கா ஜாடையிலேயே திட்டக் கற்றுக்கொண்டாள். அவள் கையைப் பார்த்துவிட்டு இளவட்டங்கள் காதைப் பொத்திக்கொள்வதுபோல் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெயில் காட்டுவதற்காகக் குஞ்சுகளை முத்தரசி கொல்லையில் விட்டிருந்தாள். தாய்க்கோழி மண்ணைக் கிளறி, கொக்கொக்கென்று கூப்பிட்டு, கறையானைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து பருந்து இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. தரையில் ஒரு நிழல் வந்தது, தாய் ஒரு சத்தம் கொடுத்தது, குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் ஓடின, நிழல் திரும்ப ஏறிப்போனது. மேலேயிருந்து பால்ராஜ் அண்ணாச்சியின் குரல் கேட்டது. “பிடி தங்கச்சி, வண்டி நிக்குது. பிடி தங்கச்சி.” முத்தரசி இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டியபடி வேலிக்கருவை முள்ளுக்குள் ஓடினாள். குரல் தொட்டியைத் தாண்டி, மில் கூரையைத் தாண்டிச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆனது. அதற்குப் பிறகும் நாங்கள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு அண்ணாச்சி பஸ் படியில் தொங்கியபடி திடீரென்று கழுத்தைத் தடவிக்கொண்டாராம். அதுவரைக்கும் குரல் தொண்டைக்குள் எங்கேயோ இருப்பதுபோல் இருந்தது, அன்றோடு தொண்டையே காலிப் பாத்திரமாகிவிட்டது என்று எனக்குக் கையால் சொன்னார். அடுத்த நாளே ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வண்டியை நிறுத்த ஒரு விசில், கிளப்ப இரண்டு. முத்தரசியை அவர் ஒரு வார்த்தை, ஒரு ஜாடைகூடக் குறை சொல்லவில்லை. நிறுத்தத்தில் அவளைப் பார்த்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதிலிருந்து பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

பருந்து வந்த அன்று சாயங்காலமே தெரு கூடியது. மூங்கில் பின்னுகிறவனை வரவழைத்துக் கட்டில் அகலத்துக்கு ஒரு பஞ்சாரம் பின்னினார்கள். இவ்வளவு பெரிய கோழிக்கூடையை அவனும் பின்னியதில்லை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதற்குள் விட்டுக் கவிழ்த்து, மேலே பழைய மீன்வலையைப் போர்த்தி, வலைக்குமேல் சொர்ணத்தக்கா தன் வீட்டு அம்மிக் குழவியைக் கொண்டுவந்து வைத்தாள். தெருவிலிருந்த பூனைகளைச் சாக்கில் கட்டிக் கால்வாய்க்கு அக்கரையில் விட்டார்கள். முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். ஷிப்ட் மாறுவதுபோல, காவலுக்கு வருகிறவன் இருக்கிறவனின் தோளில் இரண்டு தட்டு தட்டினால் காவல் மாறியதாக அர்த்தம்.

ஆளாளுக்குத் தன் குஞ்சுக்குத் தீனி கொண்டுவந்தார்கள். குருணையும் கறையானும் போதாதென்று ஒருவர் வறுகடலை, ஒருவர் நெய்ச்சோறு. கழிச்சல் நோய்க்குக் கால்நடை ஆஸ்பத்திரிச் சொட்டு மருந்து, அது போதாதென்று மஞ்சளும் சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்த உருண்டை. யார் குஞ்சு எது என்று தெரிய நகப்பூச்சால் காலில் அடையாளம். ஒரு குஞ்சு தும்மினால் அதன் ஆள் அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டான். ஒரு நாள் சொர்ணத்தக்காவின் குஞ்சு காசிநாதனின் குஞ்சைக் கொத்திவிட்டது. காசிநாதனின் மனைவி வாசலில் நின்று, “உன் பேச்சுத்தான் அடுத்தவரைக் கடிக்கும்னு நினைச்சேன், உன் கோழியுமா?” என்று கத்தினாள். சொர்ணத்தக்கா கையாலேயே பதில் கொடுத்தாள். நடுவில் பஞ்சாரத்துக்குள்ளிருந்து, “நமக்கு எதுக்குப் பொல்லாப்பு” என்றது அடிபட்ட குஞ்சு.

தமயந்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. “அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு, நீங்க மறைக்கிறீங்க. பேசச் சொல்லுங்கப்பா” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனைக் கொண்டுபோய்ப் பஞ்சாரத்தின் ஓட்டையில் வைத்தேன். “வந்துட்டீகளா, காப்பி போடவா?” என்றது குஞ்சு. “அம்மா!” என்றாள் மகள். “வந்துட்டீகளா, காப்பி போடவா?” பிறகு மெதுவாக, “அப்பா, அது அம்மா இல்ல” என்றாள். முத்தரசி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, காதில் வைத்து, மகள் அழுவதைக் கடைசிவரைக்கும் கேட்டாள்.

குஞ்சுகளுக்கு இறகு வைத்தது. வைக்க வைக்க, சொற்கள் உதிர ஆரம்பித்தன. முதலில் நான்தான் கவனித்தேன், விடியக்காலை வாசலில் நின்று அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறவன் நான்தானே. “வந்துட்டீகளா, காப்பி” என்றது. காத்திருந்தேன். மேற்கொண்டு வரவில்லை. சில நாள் கழித்து “வந்துட்டீகளா” மட்டும். சொர்ணத்தக்காவின் குஞ்சு “என் குடத்தை” என்பதோடு நிறுத்திக்கொண்டது. காசிநாதனின் குஞ்சு “நமக்கு, நமக்கு” என்று ஒரு மூலையில் நின்றது. இடையிடையே வெறும் கீச்சுச் சத்தம். அந்தக் கீச்சைக் கேட்கும்போதெல்லாம் தெருவே நடுங்கியது. கடைசிச் சொல்லும் போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது? வானத்துக்குப் போன குரலையாவது எங்கே போனது என்று சொல்லலாம்.

பயத்தில் இன்னும் இறுக்கினார்கள். வலைக்குமேல் தார்ப்பாய். தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்த ஆரம்பித்ததால், அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று வெளியே எடுத்துப் போட்டார்கள். அது போகவில்லை. பஞ்சாரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, மூங்கில் இடுக்கில் அலகை விட்டுக் கொத்தியது. கோழி வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். இறகு முளைத்த குஞ்சைத் தாய் கொத்தித்தான் பிரிக்கும், பிரித்தால்தான் அது தனியாக மேயும். நாங்கள் வருஷாவருஷம் பார்த்ததுதான். அந்த வருஷம் யாருக்கும் அது தெரியாமல் போனது.

முத்தரசிக்குத் தெரிந்தது. தெருவைக் கூட்டினாள். தாய்க்கோழியைக் காட்டினாள், பஞ்சாரத்தைக் காட்டினாள், தன் நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கி வெளியே தள்ளுவதுபோல் ஜாடை செய்தாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டாள். பிரித்துவிட்டால் குரல் திரும்பி வரும் என்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. சொர்ணத்தக்கா குழவியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, நிமிர்ந்து, தொட்டியின்மேல் உட்கார்ந்திருந்த பருந்தைக் காட்டினாள். காசிநாதன் பால்ராஜ் அண்ணாச்சியின் கழுத்து விசிலைக் காட்டினான். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கைகூட முத்தரசி பக்கம் தூக்கப்படவில்லை. என் கையும் தூங்குகிற பிள்ளைபோல் மடியிலேயே கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் காவல் முறை என்னுடையது. ஒரு கையைப் பஞ்சாரத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணைத் தொட்டியை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பருந்து அங்கேதான் இருந்தது. உள்ளே என் மனைவியின் குஞ்சு “வந்து” என்றது. அவ்வளவுதான். “வந்து.” கொஞ்ச நேரம் கழித்து, “வந்.”

முத்தரசி வந்தாள். தார்ப்பாயை இழுத்து எறிந்தாள். வலையைச் சுருட்டினாள். குழவியைத் தூக்கிக் கீழே வைத்தாள். நான் இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்டி. ஒரு சொல்லாவது இருக்கட்டும். அரைச் சொல்லாவது இருக்கட்டும். நான் அதைக் கேட்டுட்டு இருந்துக்கிறேன்.”

அவள் என்னோடு சண்டை போட முடியாது. என்னிடம்தான் குரல் இருந்தது, அவளிடம் ஒன்றுமில்லை. கையை நீட்டி என் தோளில் தட்டினாள். இரண்டு தட்டு.

மில்லில் சேர்ந்த நாளிலிருந்து, அந்த இரண்டு தட்டு விழுந்தால், அறுந்த நூலைப் பாதி ஒட்டிக்கொண்டிருந்தாலும் என் கை இயந்திரத்தை விட்டு வந்துவிடும். இனி அது அடுத்தவர் பொறுப்பு. யோசிக்க நேரமில்லை. என் கை மூங்கிலை விட்டுவிட்டது.

அவள் பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

குஞ்சுகள் வெளிச்சத்தில் நின்று விழித்தன. தாய்க்கோழி கழுத்து மயிர் சிலிர்க்கப் பாய்ந்து வந்து கறுப்புக் குஞ்சின் உச்சியில் கொத்தியது. “என் குடத்தை!” என்று அது ஒருமுறை அலறிவிட்டு, கீச்கீச்சென்று கோழிக்குஞ்சாக ஓடியது. அதே நொடியில் குழாயடியிலிருந்து, “எவளா இருந்தாலும் இன்னைக்கு நான் விடப்போறதில்ல!” என்று சொர்ணத்தக்காவின் குரல் தெருவையே தூக்கியது. கோழி அடுத்ததைக் கொத்தியது. தையல்கடையில் மிஷின் நின்றது. “ஐயோ, எனக்குப் பேச்சு வந்துருச்சு, ஐயோ” என்று காசிநாதன் தெருவில் ஓடினான். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வீட்டில் ஒரு குரல் திறந்தது. ஆட்கள் கத்திக்கொண்டே எங்கள் கொல்லைக்கு ஓடிவந்தார்கள்.

கடைசியாக மிஞ்சியது முத்தரசியின் குஞ்சு. சின்னச் சாம்பல் நிறப் பெட்டை. அது தாயிடம் போகாமல் முத்தரசியின் காலடிக்கு ஓடிவந்து சேலைக் கரைக்குள் புகுந்துகொண்டது. தாய்க்கோழி எட்ட நின்று பார்த்தது. அங்கே அதற்கு வேலையில்லை என்பதுபோல் நின்றது. தரையில் நிழல் ஒருமுறை வட்டமடித்துப் போனது. முத்தரசி குனிந்தாள். விரல் முட்டியை மடக்கி, குஞ்சின் தலையில், தாய்க்கோழி கொத்துகிற அதே கடுமையோடு ஒரு குட்டு வைத்தாள். “வந்” என்றது அது. இன்னொரு குட்டு. குஞ்சு வேலிக்கருவையைப் பார்த்து ஓடியது. நிழல் திரும்பியது. பருந்து இறங்கியது, தாய்க்கோழி அதன்மேல் எகிறியது, புழுதியும் இறகும் கிளம்பிக் கண்ணை மறைத்தன. பருந்து மேலே ஏறியபோது அதன் காலில் ஏதாவது இருந்ததா இல்லையா என்பதை அங்கே நின்ற யாராலும் சொல்ல முடியவில்லை.

முள்ளுக்குள் தவழ்ந்து தேடினோம். பொழுது சாய்ந்து மில் சங்கு ஊதும்வரை தேடினோம். “மதினி, ஒருதரம் பேசிப் பாருங்களேன்” என்று காசிநாதன் கெஞ்சினான். அவள் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் தெரிந்துவிடும் என்று பயந்தாள். தெரியாமல் இருப்பதுதான் அப்போதைக்கு எங்களுக்கு இருந்த ஒரே சொத்து. நான் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன்.

விடியக்காலையில் தெருவுக்குள் நுழையும்போதே கால் தயங்கியது. வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன்.

“வந்துட்டீகளா, காப்பி போடவா?”

முதலில் வானத்தைத்தான் பார்த்தேன். எதுவும் இல்லை. குரல் கொல்லைப் பக்கமிருந்து வந்தது. முழுக் கேள்வி. குஞ்சு உயிரோடு திரும்பி வந்திருக்கலாம், கொல்லையில் நிற்கலாம், வெளியே சுற்றியதில் உதிர்ந்த சொல் திரும்ப ஒட்டியிருக்கலாம். அதற்குத் தெரிந்தது இந்த ஒரு கேள்விதான். இதற்குமேல் ஒரு சொல் வந்தால் அது குஞ்சு இல்லை. நான் பதில் சொல்லவில்லை. ஒரு கால் செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காக நின்றேன். கொல்லையில் எதையோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“வாசல்லயே நின்னா என்ன அர்த்தம்? பஞ்சாரத்தடி கூட்டாம நாறுது, விளக்கமாத்தை எடுத்துட்டு வாங்க.”

உள்ளே போனேன். முத்தரசி பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் போட்டு மூங்கிலில் காய்ந்திருந்த எச்சத்தை ஓட்டுச்சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறப் பெட்டை கொஞ்ச தூரத்தில், யாரோ ஒருவருடைய கோழியைப் போலத் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. தெருமுனையில் முதல் மினி பஸ் கிளம்பியது. இரண்டு விசில்.

விளக்குமாற்றை எடுத்தேன். அப்போது வெகு உயரத்தில், தொட்டிக்கு மேலே, “பிடி தங்கச்சி, வண்டி நிக்குது” என்று கேட்டது. குஞ்சுகள் ஆளுக்கொரு பக்கமாக முள்ளுக்குள் ஓடின. முத்தரசியின் கை மட்டும் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் சுரண்ட ஆரம்பித்தாள், நான் கூட்ட ஆரம்பித்தேன்.